மிஸ் அடிக்கிற இன்ஜின்: பொருள் வாங்கும் முன் இடம் மாற்றிப் பாருங்கள்

டேஷ்போர்டில் அந்த மஞ்சள் இன்ஜின் படம் இரண்டு விதமாக எரியும். எரிந்து அப்படியே நின்றால் வண்டியை மிதமாக ஓட்டி வீடு வந்து சேரலாம். விட்டு விட்டு மின்னினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, இடம் பார்த்து ஓரங்கட்டுங்கள். மின்னுகிறது என்றால் ஏதோ ஒரு சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பீங்கான் அந்தச் சூட்டில் உருகிவிடும். ஒரு பிளக்கோடு முடிய வேண்டிய செலவு அதைப் போலப் பல மடங்காகும்.

எனக்கு அது மின்னியது வால்பாறை மலையில். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயிண்டுக்குக் கொஞ்சம் முன்னால், பின் சீட்டில் ஒறம்பரை (சொந்தக்காரர்கள்) மூணு பேர் இருக்க, வண்டி தட்டுத்தடுமாறிக் குலுங்க ஆரம்பித்தது. திரும்பி மெதுவாக இறங்கி, அடுத்த நாள் ஒரு பட்டறையில் விட்டேன். நாலு பிளக், அவற்றுக்குத் தீப்பொறிக்கான கரன்ட் தரும் நாலு காயில், எல்லாம் புதுசு போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் பழையபடி மிஸ். அப்புறம் தாராபுரம் ரோட்டில் தெரிந்த பட்டறை அண்ணன் ஒருவரிடம் போனேன். பானட்டைத் திறக்கும் முன்பே அவர் கேட்ட கேள்வி இதுதான்:

"ஏனுங் தம்பி, மாத்துனதெல்லாஞ் செரி. ஒண்ணையாவது எடம் மாத்திப் பார்த்தாங்களா?"

இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்விதான். அவர் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தது என்ன என்பது இடையில் வரும்.

மிஸ் என்றால் என்ன

நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வெடிக்கும். ஆக ஒரு சிலிண்டருக்கு 400, மொத்தம் 1600 வெடிப்பு. ஒரு சிலிண்டர் தன் முறை வரும்போது வெடிக்காமல் விட்டால் அதுதான் மிஸ். சப்பரம் தூக்கும் நாலு பேரில் ஒருவர் தோளை இறக்கிவிட்டால் சாமி ஆடுமே, அந்த ஆட்டம்தான் உங்கள் ஸ்டியரிங்கில் தெரிவது. இன்ஜின் தண்டான கிராங்க்கின் சுழற்சியைக் கவனிக்கும் கிராங்க் சென்சார் அதைவிடக் கூர்மை. வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிக்காமல் கிராங்க் ஒரு மயிரிழை தாமதித்தாலும் கணக்கு வைத்துக்கொள்ளும்.

சிலிண்டர் வெடிக்க மூன்று வேண்டும்: தீப்பொறி, பெட்ரோல், அமுக்கப்பட்ட காற்று. மூன்றும் சரியான நேரத்துக்கு வந்து சேர வேண்டும். இதில் எது இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. என் அனுபவத்தில் தீப்பொறிதான் அதிகம் காலை வாரும், அடுத்தது பெட்ரோல். காற்றமுக்கம் குறைவது அபூர்வம். ஆனால் வந்தால் பெரிய செலவு. அந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கோடைப் (கோளாறு எண்ணை) படியுங்கள், அழிக்காதீர்கள்

ஓபிடி-2, அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் கோளாறைத் தானே கண்டு கோடாகக் குறித்து வைக்கும் ஏற்பாடு, இங்கே 2013 ஏப்ரலில் கட்டாயமானது. அதற்குப் பிறகு வந்த காரென்றால் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம், 16 முனை உள்ள சாக்கெட் இருக்கும். புளூடூத் ஸ்கேனர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. மிஸ் கண்டுபிடிக்க அதுவே போதும். ஃபோனில் ஒரு ஆப் போட்டுக்கொண்டால் வேலை முடிந்தது.

பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படிப் போகும். பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று நிற்காமல் மாறி மாறி அடிக்கிறது. முதல் சிலிண்டர் என்பது பொதுவாக டைமிங் செயின் அல்லது பெல்ட் இருக்கும் முனை. சந்தேகமிருந்தால் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள்.

கோடோடு கூடவே "ஃப்ரீஸ் ஃப்ரேம்" என்று ஒன்று பதிவாகியிருக்கும். மிஸ் அடித்த கணத்தில் இன்ஜின் எத்தனை சுற்று, எவ்வளவு சூடு, எவ்வளவு லோடு என்று அதில் தெரியும். பலர் இதைத் திறந்தே பார்ப்பதில்லை. குளிர்ந்த இன்ஜினில் அடித்ததா, மேட்டில் இழுக்கும்போது அடித்ததா என்பது பாதி விடை. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துவிட்டு அப்புறம் அழியுங்கள். என் வண்டியில் முதல் பட்டறைக்காரர்கள் செய்த பெரிய தப்பு, எடுத்தவுடன் பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டியது. அதிலிருந்த தடயமெல்லாம் அழிந்துபோனது.

இப்போது ஒரு தீர்மானம். ஒரே சிலிண்டரா? அந்தச் சிலிண்டருக்கு மட்டும் சொந்தமான பிளக், காயில், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், அதன் ஒயர் இவற்றைப் பாருங்கள். எல்லாச் சிலிண்டருமா? எல்லாவற்றுக்கும் பொதுவானதைப் பாருங்கள்: பெட்ரோல், பம்பு, காற்றுக் கசிவு, சென்சார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர் என்றால், சிலிண்டருக்கும் மேலே மூடும் ஹெட்டுக்கும் இடையில் இருக்கும் ஹெட் பேக்கிங் மேல் ஒரு கண். ஒன்றும் நாலும், அல்லது இரண்டும் மூன்றும் ஜோடியாக அடித்தால், சில வண்டிகளில் அந்த ஜோடிக்கு ஒரே காயில்தான். காயிலையே சந்தேகப்படலாம்.

இடம் மாற்றும் வித்தை

இன்ஜின் ஆறட்டும். ஆவி பறக்கும் அலுமினிய ஹெட்டிலிருந்து பிளக்கைத் திருகினால் மரை பிய்ந்து கையோடு வந்துவிடும்.

பி0303 என்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் சிலிண்டர் காயிலைக் கழற்றி இரண்டாவதில் போடுங்கள், இரண்டாவதை மூன்றில். கோடை அழித்துவிட்டு, மிஸ் அடித்த அதே மாதிரி நிலையில் ஓட்டுங்கள். கோடு பி0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. ஒன்று மட்டும் வாங்குங்கள். மூன்றிலேயே நின்றால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை அதே மாதிரி மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். காயிலையும் பிளக்கையும் ஒன்றாக மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசி வரை தெரியாது.

பிளக்கைக் கழற்றும் முன் அந்தக் குழியில் காற்றடித்துத் தூசியை வெளியேற்றுங்கள். சோமனூர் பக்கம் தறி ஓடும் தெருவில் நிறுத்துகிற வண்டிகளில் குழிக்குள் பஞ்சே பாய் விரித்துக் கிடக்கும். அது சிலிண்டருக்குள் விழக் கூடாது.

வெளியே வந்த பிளக்கை வெயிலில் வைத்துப் பாருங்கள். நுனி கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை நிறத்தில் இருந்தால் அந்தச் சிலிண்டர் நன்றாக எரிந்திருக்கிறது. கொட்டாங்குச்சிக் கரி மாதிரி உலர்ந்த கறுப்பென்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது தீப்பொறி பலமில்லை. பெட்ரோலில் நனைந்து வந்தால் பெட்ரோல் வருகிறது, தீ வரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு நுனியில் இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. பிசுக்கு மேலே பீங்கான் பக்கம் மட்டும் இருந்தால் டேப்பெட் கவர் பேக்கிங் கசிந்து குழிக்குள் ஆயில் இறங்கியிருக்கிறது. அந்த ஆயில் காயிலின் ரப்பரை ஊதவைத்து மிஸ் உண்டாக்கும். நுனி வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அதிகச் சூடு. பீங்கானில் பென்சிலால் கோடு போட்டது மாதிரி மெல்லிய கறுப்பு வரி ஓடினால் தீப்பொறி நுனிக்குப் போகாமல் அந்த வழியே பாய்ந்து ஓடுகிறது. அந்தப் பிளக்கைத் தூக்கிப் போடுங்கள். அதன் காயில் ரப்பரின் உள்பக்கமும் அதே வரி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் புதுப் பிளக்கும் கொஞ்ச நாளில் கெடும்.

மாட்டும்போது முதலில் வெறும் கையால் மரையில் ஏற்றுங்கள். விரலால் சுலபமாக ஏறவில்லை என்றால் கோணலாக இருக்கிறது, எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச் நல்லது: 14 மி.மீ. மரைக்கு 25 நியூட்டன் மீட்டர் போல, 12 மி.மீ.க்கு 15 முதல் 20, 10 மி.மீ.க்கு 10 முதல் 12. இடைவெளி பெரும்பாலான கார்களில் 0.7 முதல் 1.1 மி.மீ.க்குள் இருக்கும், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது புத்தகத்தில். இரிடியம் பிளக் நுனியை நெம்பி இடைவெளி சரிசெய்யப் போகாதீர்கள். ஊசி நுனி, ஒடிந்துவிடும்.

ஒரு பழைய பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓடுகிற இன்ஜினில் பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பது. அம்பாசிடர் காலத்தில் அது சரி. இன்றைய காயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் தரும். உங்களையும் அடிக்கும், எலக்ட்ரானிக்ஸையும் அடிக்கும். எரியாத பெட்ரோல் வேறு கன்வெர்ட்டருக்குப் போகும். எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க வேண்டுமானால் இன்ஜெக்டர் கப்ளரை (ஒயர் செருகும் முனையை) ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். நல்ல சிலிண்டரின் கப்ளரை எடுத்தால் இன்ஜின் சத்தம் உடனே தளரும். கெட்ட சிலிண்டரில் எந்த மாற்றமும் இருக்காது. முதல் ஓரிரு நொடியில் கவனியுங்கள், அப்புறம் கம்ப்யூட்டர் ஐட்லிங்கைத் தூக்கிச் சமாளித்துவிடும். இப்படிக் கழற்றியதாலும் கோடு விழும், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

காது வைத்துக் கேட்பது

காயில், பிளக் இரண்டையும் இடம் மாற்றியும் என் வண்டியில் கோடு மூன்றிலேயே நின்றது. அண்ணன் ஒரு அடி நீள ஸ்குரூ டிரைவர் எடுத்தார். நுனியை முதல் இன்ஜெக்டர் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டார். "இக்கட்டால வாங்க" என்று என்னையும் கேட்கச் சொன்னார். தையல் மிஷின் மாதிரி டிக் டிக் டிக். இரண்டாவதிலும் அதே. மூன்றாவதில் ஒன்றுமில்லை, இன்ஜினின் பொதுவான உறுமல் மட்டும். நாலாவதில் மறுபடி டிக் டிக். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஜி.டி.நாயுடு பஸ் ஓட்டிய காலத்தில் இதுதான் ஸ்கேனர். நூறு வருஷம் ஆகியும் இது கெடவில்லை. விசிறி, பெல்ட் பக்கம் கையும் சட்டை நுனியும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தமில்லை என்றால் இரண்டு காரணம்: இன்ஜெக்டர் செத்திருக்க வேண்டும், அல்லது அதற்குக் கரன்ட் வரவில்லை. இன்ஜினை அணைத்து, கப்ளரைக் கழற்றி, மல்டிமீட்டரை இன்ஜெக்டரின் இரு முனையில் வையுங்கள். மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயில்) பீய்ச்சும் சாதாரண இன்ஜெக்டர் பெரும்பாலும் 11 முதல் 16 ஓம் காட்டும். மற்ற மூன்றோடு ஒப்பிட்டால் போதும். என்னுடையது நாலுமே ஒரே அளவு. அப்போ ஒயர்.

அண்ணன் வண்டியை ஐட்லிங்கில் விட்டு, ஒயர் கட்டைப் பிடித்து மெல்ல அசைத்துக்கொண்டே வந்தார். ஃபயர்வால் (இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவிலுள்ள தகடு) பக்கம் ஓர் இடத்தில் கை பட்டதும் இன்ஜின் ஒரு கணம் சீரானது, விட்டதும் மறுபடி குலுங்கியது. சுற்றியிருந்த நெளிகுழாயைப் பிரித்தால், உள்ளே மூன்றாவது இன்ஜெக்டர் ஒயரின் தோல் உரிந்து, செம்பு இழை இரண்டோ மூன்றோ தொட்டும் தொடாமலும் நின்றது. பக்கத்திலேயே எலிப் புழுக்கை. நான் வண்டி நிறுத்துவது கட்டுத்தரை ஓரம். புண்ணாக்கு மூட்டையும் மாட்டுத் தீவனமும் கை நீட்டினால் எட்டும் தூரம். முதல் பட்டறையில் காயில் மாற்றியபோது ஒயர் கட்டு அசைந்து இழை தற்செயலாக ஒட்டிக்கொண்டது. அந்த இரண்டு நாள் நல்ல ஓட்டத்தின் ரகசியம் அதுதான்.

அப்படி ஒயரைச் சேர்க்கும்போது முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றாதீர்கள். இன்ஜின் சூட்டில் பசை இளகி டேப் கழன்றுவிடும். சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டிச் சூடு காட்டுங்கள். எலிக்குப் புகையிலை, பாச்சை உருண்டை எல்லாம் வைத்துப் பார்த்தேன். சில நாள்தான். தீவன மூட்டையை அக்கட்டால தள்ளி வைத்ததும், ராத்திரி பானட்டைத் திறந்து விட்டதும்தான் எனக்கு உதவியது.

எல்லாச் சிலிண்டரும் அடித்தால்

இங்கே ஸ்கேனரில் "ஃப்யூல் ட்ரிம்" என்ற எண்ணைப் பாருங்கள். பெட்ரோலைக் கம்ப்யூட்டர் எவ்வளவு கூட்டியோ குறைத்தோ சமாளிக்கிறது என்பதன் சதவீதம் அது. கூட்டல் பத்து, கழித்தல் பத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஐட்லிங்கில் கூட்டல் இருபது காட்டி, 2500 சுற்றுக்கு ஏற்றினால் இறங்கி வந்தால், எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது. பிரேக் பூஸ்டர் குழாய், டேப்பெட் கவரிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் குழாய், மேனிஃபோல்டு பேக்கிங் இவற்றில் விரிசல் தேடுங்கள். சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் கசிவுள்ள இடத்தில் உறிஞ்சும், ஐட்லிங் மாறும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடிப்பவர்கள் உண்டு. சூடான சைலன்சர் பக்கத்தில் அது தீ. நான் செய்வதில்லை.

இதற்கு நேரெதிர், ஐட்லிங்கில் நன்றாக இருந்து மேட்டில் மட்டும் ட்ரிம் ஏறி மிஸ் அடித்தால் பெட்ரோல் போதவில்லை. திம்பம் மலையின் இருபத்தேழு வளைவில் மூச்சு வாங்கும், சத்தி வந்து சமதரையில் இறங்கினால் ஒன்றும் தெரியாது. பெட்ரோல் பம்பு, டேங்குக்குள் இருக்கும் ஃபில்டர் இரண்டையும் சந்தேகப்படுங்கள். சாவி போட்டதும் பின் சீட்டுக்கு அடியில் இரண்டு நொடி "ம்ம்" என்று சத்தம் வர வேண்டும். அழுத்தம் பெரும்பாலான வண்டிகளில் 3 முதல் 4 பார். அதைக் கேஜ் வைத்துப் பட்டறையில் பார்ப்பதே நல்லது.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் கார் மாதக்கணக்கில் அரை டேங்கோடு நிற்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது, எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்க் அடியில் தங்கும், பம்பு முதலில் உறிஞ்சுவது அதைத்தான். பெட்ரோல் போட்ட மறுநாளே மிஸ் தொடங்கினாலும் கொஞ்சம் பிடித்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வையுங்கள். அடியில் தனிப் படலம் தெரிந்தால் டேங்கை இறக்க வேண்டியதுதான்.

ஏர் ஃபில்டரை எல்லோரும் முதலில் சொல்வார்கள். அடைத்தால் பிக்கப் குறையும். அது மட்டுமே காரணமாக மிஸ் அடிப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. பேட்டரி வோல்ட்டை மட்டும் பார்த்துவிடுங்கள். நின்றிருக்கும்போது 12.6, ஓடும்போது 13.8 முதல் 14.5. அதற்குக் கீழே இருந்தால் எர்த் ஒயரைத் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டுங்கள்.

கேஸில் ஓடும் வண்டி என்றால் வேலை பாதியாகக் குறையும். பெட்ரோலுக்கு மாற்றுங்கள். மிஸ் நின்றால் முதலில் கேஸ் பக்கத்தைப் பாருங்கள்: வேப்பரைசர், ஃபில்டர். ஆனால் கேஸ் எரிய இன்னும் பலமான தீப்பொறி வேண்டும். அதனால் தேய்ந்த பிளக் கேஸில் முதலில் தன்னைக் காட்டும், பெட்ரோலில் ஒளிந்துகொள்ளும். ரொம்ப வருஷம் கேஸில் ஓடிய ஆம்னிகளில் டேப்பெட் இடைவெளியையும் பாருங்கள். வால்வு சீட் தேய்ந்து இடைவெளி குறையும், சூட்டில் வால்வு முழுசாக மூடாது.

பழைய கார்களில், பிளக்குக்குக் கரன்ட் கொண்டுபோகும் ஹெச்.டி. ஒயர் இருக்கிற வண்டிகளில், மழை நாளில் மட்டும் மிஸ் என்றால் ராத்திரி விளக்கெல்லாம் அணைத்துப் பானட்டைத் திறந்து, ஓடுகிற இன்ஜின் ஒயர்கள் மேல் எட்ட நின்று லேசாகத் தண்ணீர் தூவுங்கள். கசிகிற ஒயர் மேல் நீலமாகப் பொறி ஊர்ந்து போகும். தொடாதீர்கள், பார்த்துக்கொள்ளுங்கள், அணைத்தபின் ஒயர் செட்டை மாற்றுங்கள்.

கம்ப்ரஷன்

தீயும் பெட்ரோலும் சரி என்று நிச்சயமான பிறகுதான் இது. எல்லாப் பிளக்கையும் கழற்றி, காயில், இன்ஜெக்டர் கப்ளர்களையும் கழற்றி, பிளக் குழியில் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று ஸ்டார்ட்டரால் கிராங்க் செய்யுங்கள். நல்ல பெட்ரோல் இன்ஜின் 150 முதல் 200 பி.எஸ்.ஐ. போலக் காட்டும். நாலில் ஒன்று மட்டும் தனியாகக் கீழே நிற்கிறதா என்பதே முக்கியம். நின்றால் அந்தக் குழியில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் பேக்கிங். ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வந்து, வெள்ளைப் புகையும் இருந்தால் ஹெட் பேக்கிங்தான். இந்த இடத்தில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நல்ல பட்டறையைத் தேடுங்கள்.

டீசல் வண்டிக்கு இந்த வழியே பொருந்தாது. அதில் பிளக் தீப்பொறி கிடையாது, காமன் ரெயிலில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல். குழாயைத் தளர்த்தினால் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். டைரக்ட் இன்ஜெக்ஷன் பெட்ரோலிலும் குழாயைத் தொடாதீர்கள்.

சரியான பிறகு

கோடை அழியுங்கள். ஆயில் அளவுக்கோலை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் அளவு ஏறியிருந்தாலோ, எரியாத பெட்ரோல் ரிங் வழியே கீழே இறங்கியிருக்கிறது. ஆயிலையும் ஃபில்டரையும் உடனே மாற்றுங்கள். கோடு பி0420 தொடர்ந்து வந்தால் கன்வெர்ட்டர் அடிபட்டிருக்கலாம்.

மறுநாள் காலை குளிர்ந்த இன்ஜினில் ஸ்டார்ட் செய்து, சூடேறும் வரை ஐட்லிங்கில் விட்டுக் கேளுங்கள். அப்புறம் முதலில் எந்த மேட்டில் அடித்ததோ அதே மேட்டுக்கு, அதே கியரில், அதே ஆள் கனத்தோடு போங்கள். நான் லோம்ஸ் வியூவில் நிறுத்தி ஸ்கேனரைச் செருகினேன். காத்திருப்பில் இருக்கும் கோடு எதுவும் இல்லை. பின் சீட்டு ஒறம்பரை அதற்குள் மாங்காய் வாங்கப் போயிருந்தார்கள்.